நாலாவது தம்ளர்

ஷட்டரின் மேல் கல் வந்து விழுந்தது.

தகரம் அதிர்ந்ததில் ஆணியில் தொங்கிய ஸ்பேனர்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. உள்ளே உட்கார்ந்து ஒரு படகு இன்ஜினின் வால்வைத் துடைத்துக்கொண்டிருந்த ஷபீர், துணியைக் கீழே போட்டான். பாதி இறக்கியிருந்த ஷட்டரை, இரண்டாவது கல் வருவதற்குள் முழுசாகத் தூக்கினான். தூக்காமல் இருந்தால் ஒளிந்துகொண்டான் என்பார்கள். கோவளத்தில் இருபது வருடம் இன்ஜின் மெக்கானிக்காக இருந்தவனுக்கு அந்த அளவுக்கு ஊர் தெரியும்.

வெளியே பத்துப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். முன்னால் நாகூரான். போன திங்கட்கிழமை கடலில் செத்துப்போன தேசப்பனின் கூடப் பிறந்த தம்பி. அன்றைக்கு அதே படகில் போய், கவிழ்ந்த படகின்மேல் கிடந்து தப்பி வந்தவன். அவன் கையில் ஒரு மஞ்சள் டீசல் கேன் இருந்தது. அதன்மேல் 'தேசப்பன், கோவளம்' என்று கறுப்புப் பெயின்டில் எழுதியிருந்தது.

நாகூரான் கேனைச் சாய்த்தான். உள்ளே மிச்சமிருந்த டீசலுக்கு அடியில், பிளாஸ்டிக்கின் மேல் மணல் உரசுவதுபோல் ஒரு சத்தம் கேட்டது.

"இன்னான்னு கேளு" என்றான்.

ஷபீர் கேனை வாங்கினான். மூடியைத் திறந்து, டார்ச் அடித்து உள்ளே பார்த்தான். அடியில் வெள்ளையாகத் துகள். நீளமான திருப்புளியை விட்டு நுனியில் கொஞ்சம் எடுத்தான். விரலில் தேய்த்தான். மணல் இல்லை. மணலாக இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சக்கரை" என்றான் நாகூரான். "எங்க அண்ணன் இன்ஜினுக்கு வியாழக்கெழமை நீதான கை வெச்ச? டீக்கடையில நீதான சொன்ன?"

ஷபீர் சொன்னது உண்மைதான்.

சாவுக்கு நாலு நாள் முன்னால், வியாழக்கிழமை காலை, தேசப்பனின் இன்ஜினுக்குப் புது ரிங் போட்டுவிட்டு, இரண்டு நாளைக்கு மெதுவாக ஓட்டு என்று சொன்னான். மதார் சாகிப்பின் டீக்கடையில் நின்றபடி பேச்சு. புயல் எச்சரிக்கை வந்து எட்டு நாள் கடலுக்குப் போகாமல் கிடந்த தேசப்பனுக்கு அந்த யோசனை பிடிக்கவில்லை. உனக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது, வாய்தான் ஓடுகிறது என்று கிண்டல் பண்ணினான். ஷபீரும் விடவில்லை. தேசப்பன் கையில் இருந்த சர்க்கரை போடாத டீயைக் காட்டி, "உனுக்குத்தான் சக்கரை ஆவாது மச்சான். இன்னொரு வாட்டி இப்டிப் பேசன, உன் இன்ஜினுக்கு ரெண்டு ஸ்பூன் போட்டு உட்ருவேன். அதுக்கும் சுகர் வரட்டும்" என்றான். கடையே சிரித்தது. எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவன் தேசப்பன்தான். சிரித்த வேகத்தில் டீ சட்டையில் சிந்தியது.

இன்றைக்கு அந்தச் சிரிப்பை யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. வார்த்தையை மட்டும் வைத்திருந்தார்கள்.

திங்கட்கிழமை விடிந்த நேரத்தில், மூன்றாவது அலையைத் தாண்டும்போது இன்ஜின் இருமி நின்றுவிட்டது. அலைக்கு முகம் காட்டிப் போகவேண்டிய படகு, பக்கம் காட்டித் திரும்பியது. கரையில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். தலைகீழாகக் கவிழ்ந்த படகுக்கு அடியில் போன தேசப்பன் வெளியே வரவில்லை. மார்கழிக் கடல் தெற்கே இழுக்கும். மறுநாள் மாமல்லபுரத்துக்கு இந்தப் பக்கம் தேவனேரிக் கரையில் உடம்பு ஒதுங்கியது. செங்கல்பட்டுக்குக் கொண்டுபோய், அறுத்துத் தைத்து, புதன்கிழமை எடுத்து வந்து புதைத்தார்கள். கேன் மட்டும் கயிறோடு அறுத்துக்கொண்டு போய் நாலு நாள் மிதந்து, நேற்றுச் சாயங்காலம் மாமல்லபுரத்தில் சங்கு மாலை விற்கும் ஒருவர் கண்ணில் பட்டிருக்கிறது. பெயரைப் பார்த்து அவர் சொல்லி அனுப்பினார். கேனிலிருந்து இன்ஜினுக்குப் போகும் குழாய் மடங்கிக் கயிற்றில் இறுகிக் கிடந்ததால், ஒரு சொட்டுக் கடல்தண்ணீர்கூட உள்ளே போகவில்லை.

அந்தக் குழாயைப் போட்டுக் கொடுத்ததும் ஷபீர்தான். இன்ஜினின் சொந்த டேங்கு துரு ஏறி ஓட்டை விழுந்தபிறகு, கேனையே உயரமாகக் கட்டி, அதன் அடியிலிருந்து குழாய் இழுத்து ஓட்டும் ஏற்பாடு.

"பத்து மணிக்குப் பஞ்சாயத்து" என்றான் நாகூரான். "நாட்டாரு இன்னா சொல்றாரோ சொல்லட்டும். அதுக்கப்பறம் செங்கல்பட்டு கோர்ட்டுல நீ பேசிக்கோ."

அவர்கள் போனபின் ஷபீர் ஷட்டர் ஓரமாக உட்கார்ந்தான். ஊரை விட்டுத் தள்ளுவது ஒரு பக்கம். கொலைக்கேஸ் இன்னொரு பக்கம். மகள் ஆயத் பன்னிரண்டாவது படிக்கிறாள். கொலைகாரன் மகள் என்ற பேரோடு அவள் பரீட்சை ஹாலுக்குள் நுழைய வேண்டியிருக்கும்.

சேதி கேட்டு அவன் மனைவி ஃபக்ருன்னிசா வீட்டிலிருந்து ஓடி வந்தாள். புதன்கிழமையிலிருந்து பகலெல்லாம் அவள் தேசப்பனின் பெண்டாட்டி செங்கம்மாளோடுதான் உட்கார்ந்திருந்தாள். சோறு பிசைந்து ஊட்டியதும் அவள்தான். வாசலில் கிடந்த கல்லைப் பார்த்தாள். அதை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"நம்ம வூட்டு சக்கரைய நாக்குல வெச்சிகினு கடல் ஏறினவங்கதான" என்றாள்.

அவள் சொன்னது ஊர் வழக்கம். வியாழக்கிழமை சாயங்காலம் தர்காவில் ஃபாத்திஹா ஓதிய சர்க்கரையை ஃபக்ருன்னிசா கொண்டுவந்து, ரோஜா இதழோடு காகிதத்தில் மடித்து, கடலுக்குப் போகும் வீடுகளுக்குக் கொடுப்பாள். படகில் ஏறும் முன் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் போட்டுக்கொள்வார்கள். எந்தச் சாமி கும்பிடுகிற வீடு என்று கொடுக்கிறவளும் பார்ப்பதில்லை, வாங்குகிறவர்களும் பார்ப்பதில்லை. நாகூரானுக்கு அந்தப் பெயரே அவன் அம்மா நாகூர் ஆண்டவருக்கு நேர்ந்துகொண்டு வைத்ததுதான்.

ஷபீர் கேனில் இருந்த துகளையே நினைத்துக்கொண்டிருந்தான். நாலு நாள் டீசலில் ஊறியும் அது ஏன் அப்படியே கிடந்தது? விரலில் தேய்த்தபோது முனைகூட மழுங்காமல் கரகரவென்று இருந்ததே?

பட்டென்று எழுந்தான். மதார் சாகிப்பின் கடைக்குப் போய் நாலு கண்ணாடித் தம்ளர் கேட்டான்.

பத்து மணிக்குத் தேசப்பன் வீட்டு முன்னால் ஊர் கூடியிருந்தது. கருமாதி முடியாமல் செங்கம்மாள் வாசற்படி தாண்டக் கூடாது. சாவு அவள் வீட்டுச் சாவு என்பதால் அவள் காதில் விழாமல் பேசவும் கூடாது. அதனால் பஞ்சாயத்தை அவள் வாசலிலேயே வைத்தார்கள். அவள் நிலைப்படிக்கு உள்பக்கம், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஃபக்ருன்னிசா. குற்றவாளியின் பெண்டாட்டி அங்கே உட்காரலாமா என்று ஒருத்தி முணுமுணுத்தாள். செங்கம்மாள் ஃபக்ருன்னிசாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஊர்த் தலைவரான நாட்டார் காத்தவராயன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, நாகூரானை முதலில் பேசச் சொன்னார். நாகூரான் கோர்வையாகவே பேசினான். வியாழக்கிழமை ஷபீர் சர்க்கரையைப் போட்டான். அது டீசலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் கரைந்து, பாகாகி, உள்ளே ஏறி, திங்கட்கிழமை இன்ஜினைப் பிடித்துவிட்டது. கரையாமல் மிஞ்சியதுதான் கேனில் கிடப்பது. மெதுவாகக் கொல்லும் விஷம் மாதிரி. கூட்டம் தலையாட்டியது. கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது.

"நீ இன்னா சொல்ற பாய்?" என்று கேட்டார் காத்தவராயன்.

ஷபீர் முன்னால் வந்தான். ஒரு பலகையை இழுத்துப் போட்டு நாலு தம்ளரையும் வரிசையாக வைத்தான். முதலாவதில் குழாய்த் தண்ணீர். இரண்டாவதில் கடல்தண்ணீர். மூன்றாவதில், மதார் சாகிப் பாய்லரிலிருந்து கொண்டுவந்த சூடான பால். நாலாவதில் டீசல். ஒவ்வொன்றிலும் எல்லார் கண்ணெதிரிலும் ஒரு ஸ்பூன் சர்க்கரையைப் போட்டான்.

"அஞ்சாவதா ஒரு குவாட்டர ஊத்து பாய், அதையும் பாத்துடலாம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அதுல சக்கரை போட்டு எவன்டா வீணாக்குவான்" என்றது இன்னொன்று. காத்தவராயன் திரும்பிப் பார்த்ததும் இரண்டும் அடங்கின.

பாலில் போட்டது, ஸ்பூனை இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள் காணாமல் போனது. தண்ணீரில் கொஞ்ச நேரம் சுழன்றது, பிறகு புகைபோல் நெளிந்து மறைந்தது. கடல்தண்ணீரிலும் அப்படியே. நாட்டார் அதில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, உப்பும் இனிப்பும் சேர்ந்த கண்றாவி என்று துப்பினார்.

நாலாவது தம்ளரை ஷபீர் நாகூரான் கையிலேயே கொடுத்தான். கலக்கச் சொன்னான்.

நாகூரான் கலக்கினான். துகள் டீசலோடு சேர்ந்து சுற்றியது. ஸ்பூனை எடுத்ததும், மழை விட்டதுபோல் மெல்ல இறங்கி, அடியில் படிந்தது. மறுபடியும் கலக்கினான். மறுபடியும் படிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, ஸ்பூன் கண்ணாடியில் இடிக்க இடிக்கக் கலக்கினான். தம்ளர் உடைந்துவிடும்போல் இருந்தது. சர்க்கரைக்கு ஒன்றும் ஆகவில்லை. எண்ணெய் பட்ட பளபளப்போடு, ஒரு துகள்கூடக் குறையாமல் கிடந்தது.

"வெயில்ல வெய்யி" என்றார் காத்தவராயன்.

வெயிலில் வைத்தார்கள். ஊர் காத்திருந்தது. மதார் சாகிப் எல்லாருக்கும் டீ கொடுத்தார். ஷபீருக்குக் கொடுக்கலாமா என்று நாட்டாரின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். ஒரு மணி நேரம் போனது. தம்ளர் கை சுடும் அளவுக்குக் காய்ந்தது. நாட்டார் தூக்கிப் பார்த்தார். போட்டது போட்டபடி இருந்தது.

ஷபீர் அப்போதுதான் வாயைத் திறந்தான். சர்க்கரை டீசலில் கரையவே கரையாது, நாலு நாள் இல்லை, நாலு மாதம் வைத்தாலும் கரையாது என்றான். போட்ட உடனே அடிக்குப் போய்விடும். குழாயின் வாயும் அடியில்தான் இருக்கிறது. இன்ஜின் இழுக்க இழுக்கத் துகள் போய் ஃபில்டரில் அடைத்துக்கொள்ளும், அப்புறம் எண்ணெய் ஏறாது. வியாழக்கிழமை போட்டிருந்தால், வெள்ளிக்கிழமை கடலுக்குப் போனபோதே நின்றிருக்க வேண்டும்; மூன்று நாளும் ஓடியிருக்காது.

நாட்டார் நாகூரான் பக்கம் திரும்பினார். "அன்னிக்கி இன்ஜினு எவ்ளோ நேரம் ஓடிச்சி?"

"பத்து நிமிசம் இருக்கும்" என்றான் நாகூரான்.

"அப்போ போட்டது அன்னிக்கிக் காலையிலதான்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே ஷபீர் குடும்பத்தோடு அச்சரப்பாக்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டான். சாவுச் சேதி போன் வந்தபிறகுதான் பஸ் ஏறினான். அது கோவளத்தில் எல்லாருக்கும் தெரியும். கூட்டத்தில் நாலைந்து பேர் முகத்தைத் தொங்கப் போட்டார்கள். கல் எறிந்தவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். ஆயத்துக்குப் போன் பண்ணிச் சொல்ல வேண்டும் என்று ஷபீர் நினைத்தான்.

அத்தோடு எழுந்து போயிருக்கலாம்.

"அப்போ வேற எவன்?" என்றார் காத்தவராயன். "கேனுல கெடக்கறதையும் வடிகட்டு. எவ்ளோ கீதுன்னு பாப்பம்."

ஒரு வெள்ளை வேட்டித் துண்டைக் கிழித்துக் கொடுத்தார்கள். ஷபீர் அதைப் பக்கெட்டின் மேல் விரித்துக் கேனைக் கவிழ்த்தான். டீசல் வடிந்தது. துணியில் ஒரு கைப்பிடிக்குச் சர்க்கரை தங்கியது. கடைசியாகக் கேனின் மூலையில் ஒட்டியிருந்தது ஒன்று நழுவி வந்து அதன்மேல் விழுந்தது.

காய்ந்து கறுத்த ரோஜா இதழ்.

ஷபீரின் கை தானாக மூடிக்கொண்டது. துணி, சர்க்கரை, இதழ் எல்லாம் அவன் முஷ்டிக்குள் கசங்கின. விரலிடுக்கில் டீசல் வழிந்தது.

அந்த இதழ் எங்கிருந்து வந்தது என்று இந்த ஊரில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். எந்த வீட்டுக்குப் போன பொட்டலம் என்று யோசிக்கவும் வேண்டியதில்லை. கேன் விடிகாலையில் எந்த வீட்டு டிரம்மிலிருந்து ரொம்பியதோ, அந்த வீடு. அதைக் கரைக்குத் தூக்கி வந்த ஆள். தேசப்பனுக்கு இடுப்பு வலி வந்ததிலிருந்து டீசல் கேனைத் தூக்கி வருவது யார் என்று ஷபீர் தினமும் பார்த்திருக்கிறான்.

அவன் தலையைத் தூக்காமலே நிலைப்படிப் பக்கம் பார்த்தான். ஃபக்ருன்னிசா அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு வெளுத்திருந்தது.

"இன்னா அது?" என்றார் நாட்டார்.

"ஒண்ணுமில்ல நாட்டாரே. சக்கரைதான்."

"கைய ஏன் மூடிகினு கீற? தொற."

திறந்தால் அவன் வீட்டுக்குப் போகலாம். ஒரு சொல் மிச்சமில்லாமல் பழி கழிந்துவிடும். திறந்தால் அந்த நிலைப்படிக்கு உள்ளே இருப்பவள் இனிமேல் எப்படி உட்காருவாள், எப்படிப் படுப்பாள், எப்படி இன்னொரு வேளை சோறு தின்பாள் என்று நினைத்தான். புருஷன் செத்ததை எப்படியாவது தாங்கிவிடுவாள். இதைத் தாங்குவாளா?

"எவன் போட்டான்னு எனுக்குத் தெரியாது" என்றான். "நான் போடல. அவ்ளோதான்."

காற்று மாறியதுபோல் கூட்டம் மாறியது. தெரியாதவன் ஏன் மறைக்கிறான் என்று ஒருவர் கேட்டார். கல்யாணத்துக்குப் போகிறவன் ஆள் வைத்துச் செய்ய மாட்டானா என்று இன்னொருவர் கேட்டார். கட்டியிருந்த கைகள் அவிழ்ந்தன. தம்ளர் வித்தையெல்லாம் காட்டி நம்மை ஏமாற்றப் பார்த்தான் என்று யாரோ பலகையை உதைத்தார்கள். பால் தம்ளர் உருண்டு உடைந்தது. நாகூரான் பாய்ந்து ஷபீரின் சட்டைக் காலரைப் பிடித்து முறுக்கினான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது.

"சொல்லுடா. அண்ணன் தண்ணிக்கு அடியில எப்டித் தட்டுச்சின்னு எனுக்குத்தான் தெரியும். கவுந்த படகு மேல நான் படுத்துகினு கேட்டேன். சொல்லுடா, எவன் போட்டது?"

ஷபீர் கையைத் திறக்கவில்லை. அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டான்.

அடி விழவில்லை. சத்தமும் நின்றுவிட்டது. கண்ணைத் திறந்தபோது எல்லாரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செங்கம்மாள் படி தாண்டியிருந்தாள். "தாண்டாத, உள்ள போ" என்று ஒரு கிழவி பதறினாள். அவள் காதில் வாங்கவில்லை. பின்னாலேயே வந்த ஃபக்ருன்னிசா அவள் தோளைப் பிடித்து இழுத்தாள். அந்தக் கையையும் விலக்கிவிட்டு நடந்து வந்தாள். உடைந்த கண்ணாடியை மிதித்துக்கொண்டே வந்தாள்.

வெயிலில் இருந்த நாலாவது தம்ளருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள். சுட்டுவிரலை டீசலில் விட்டுக் கலக்க ஆரம்பித்தாள். அவசரம் இல்லாமல், குழந்தைக்குப் பால் ஆற்றுகிறவள்போல் கலக்கினாள். விரலை எடுத்தாள். குனிந்து பார்த்தாள். வெள்ளைத் துகள் சுற்றிச் சுற்றி இறங்கி அடியில் படிந்தது. மறுபடியும் விரலை விட்டாள். எவ்வளவு நேரம் அப்படிக் கலக்கினாள் என்று பிறகு கேட்டபோது ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். மூன்றாவது முறையோ நாலாவது முறையோ துகள் படிந்ததும், விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். நாகூரான் கை ஷபீரின் காலரில் அப்படியே இருந்தது.

"பாய உடு நாகூரா... சுகர் கீதுன்னு மூணு நாளா ஒரு சிட்டிகை வாயில போடமாட்டேன்னுட்டாரு உங்கண்ணன், தண்ணில கரையுது, பால்ல கரையுது, டீசல்லயும் கரைஞ்சி அவரு கூடவே போவும்னு நான்தான் கேன்ல கொட்டனேன்."